ஒரு ஸ்டார் குறைத்தவர்

“இன்னொண்ணு வந்திருக்கு, கேளு,” என்றார் லிஃப்ட் அக்காவின் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற குரலில் வாசித்தார். “‘முதல் பாட்டு ஆரம்பித்து நாற்பதாவது செகண்டில் இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே ஏறுகிறதே, அந்த இடத்தில் ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். நான் இறங்க இன்னும் ஏழு ஸ்டாப் இருந்தது. திரும்ப உட்கார மனசே வரவில்லை. அஞ்சு ஸ்டார்.’ எழுதினவர் பேரு இரும்புக்காது.”

“பேஸ் பத்தி?” என்றாள் லிஃப்ட் அக்கா, வேலைப் பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டே.

“அதைப் பத்தி ஒண்ணும் இல்லை.”

“அடுத்தது.”

“‘இந்தப் பாடகர் தொண்டைக்குள் என்ன வைத்திருக்கிறார், கல் உடைக்கிற மெஷினா? கேட்டதும் முதுகு சில்லிட்டுவிட்டது. பாடுவது ஒரு பெண் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிக்கவும். பயம் இப்போது இரண்டு மடங்கு. அஞ்சு ஸ்டார்.’”

“பேஸ்?”

“இல்லை.”

“அடுத்தது.”

“‘டிரம்ஸ் அடிப்பவருக்கு எத்தனை கால் என்று யாராவது நேரில் பார்த்துச் சொல்லவும்.’ அஞ்சு ஸ்டார்.” வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். “இல்லை.”

அவள் பையின் ஜிப்பைச் சர்ரென்று இழுத்தாள்.

இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவள். அதனால் எல்லாருக்கும் லிஃப்ட் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் வேறு ஆள். மெலடிக் டெத் மெட்டல் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிப்பவள். அது என்ன இசை என்று கேட்டால் வீட்டுக்காரர் இப்படித்தான் விளக்குவார்: “ஒருத்தர் அடித்தொண்டையில உலகத்தையே மிரட்டுவாங்க. பின்னாடியே கிட்டார் நின்னு சமாதானம் பண்ணும். ரெண்டு பேரும் ஜெயிச்சிடுவாங்க.” ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். இசைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் இந்த விளக்கத்தைவிட நல்லதை யாரும் இதுவரை சொன்னதில்லை.

குழுவில் நாலு பேர். பாட்டுக் கட்டுவதும் இரண்டு கிட்டாரையும் வாசிப்பதும் அவளுடைய தம்பி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன். பாடுவது தம்பி மனைவி. நூலகத்தில் வேலை. வாரம் முழுக்க வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உதட்டில் விரல் வைத்து “சத்தம் போடாதீங்க” என்பாள். ஞாயிறு வந்துவிட்டால் ஆறு நாள் அடக்கி வைத்த சத்தத்தையும் சேர்த்துப் போடுவாள். அந்தக் கர்ஜனையைக் கேட்டு டிரம்ஸ்காரர்தான் அவளுக்குக் குயில் என்று பெயர் வைத்தார். டிரம்ஸ்காரர் பல் டாக்டர். அவருக்குப் பெயர் பல்லு.

இந்த நாலு பேரும் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் போட்டு உருவாக்கிய ஆல்பம்தான் ‘துருப்பிடித்த வானம்’. ஒன்பது பாட்டு. போன வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏற்றினார்கள். கேட்டவர்கள் கருத்து எழுதி ஸ்டார் போட ஆரம்பித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கொட்டு கொட்டென்று கொட்டியது பாராட்டு. தம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

லிஃப்ட் அக்காவுக்கு மட்டும் நெஞ்சுக்குள் ஒரு முள்.

ஆல்பம் வெளியான அன்றைக்கு அவள் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மெஷின் அறையில் இருந்தாள். சாப்பாட்டு நேரம். கவிழ்த்த பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நாலு பாட்டு தேன். ஐந்தாவது ‘கிணற்றின் அடி’. அதன் நடுவில் எல்லா வேகமும் அடங்கி, குயில் ரகசியம் சொல்கிற மாதிரி முணுமுணுப்பாள். அந்த முணுமுணுப்புக்கு அடியில் பேஸ் ஒவ்வொரு படியாக இறங்கிக் கிணற்றின் தரையைத் தொட வேண்டும். அந்த இறக்கம் சரியாக வர நாலு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது அவளுக்கு. விரல் நுனி தோல் உரிந்தது.

அந்த இடம் வந்தது. குயில் முணுமுணுத்தாள். பேஸ் இல்லை.

ஹெட்போன்தான் போய்விட்டது என்று நினைத்தாள். ஒயரை ஆட்டிப் பார்த்தாள். கழற்றி, காதுப் பஞ்சைப் பிரித்து, ஊதி, திரும்ப மாட்டிக் கேட்டாள். இல்லை. சாயங்காலம் வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் போட்டாள். அங்கேயும் இல்லை. இருபத்திரண்டு செகண்ட் அவள் அந்தப் பாட்டில் இல்லவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப வந்துவிடுகிறாள்.

தவறு நடப்பது சகஜம். அவளுக்கு வலித்தது அதுவல்ல. கடைசி வடிவத்தை வெளியிடுமுன் தம்பி, குயில், பல்லு மூன்று பேரும் ஆளுக்கு நாலைந்து தடவை கேட்டிருக்கிறார்கள். அவள்தான் அந்த வாரம் வேலை அதிகம் என்று கேட்காமல் விட்டாள். மூன்று பேரில் ஒருவருக்காவது உறைக்கவில்லையே!

அன்றைக்கு மத்தியானமே, அவள் இன்னும் மெஷின் அறையில் இருக்கும்போது, தம்பி போன் பண்ணினான்.

“அக்கா, கேட்டியா? அஞ்சாவது பாட்டு எப்படி வந்திருக்கு பாத்தியா? அந்த முணுமுணுப்பு இடம் வந்தா உடம்பெல்லாம் சிலிர்க்குது!”

“ம்,” என்றாள்.

“என்னக்கா ‘ம்’? இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இத்தனூண்டு ‘ம்’மா?”

“கேட்டேன்டா. நல்லா இருக்கு. வேலையா இருக்கேன், வை.”

வைத்த கையோடு மேனேஜர் கூப்பிட்டார். எதையும் சுற்றி வளைக்காதவர்.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு ஒரு தலைமை வேணும். நீங்கதான்னு முடிவு பண்ணியிருக்கோம். மத்தவங்க மோட்டாரைக் கழட்டிப் பாத்துட்டுதான் என்ன பழுதுன்னு சொல்றாங்க. நீங்க கையை வெச்சுப் பாத்தே சொல்றீங்க. அந்தக் கையும் காதும் எங்களுக்கு வேணும். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரியா இல்லையான்னு சொல்லிடுங்க.”

ஞாயிறு ஷிஃப்டை ஏற்றுக்கொண்டால் ஒத்திகை கிடையாது. ஒத்திகை இல்லையென்றால் குழு கிடையாது. வேறொரு வாரமாக இருந்திருந்தால் யோசிக்காமலே வேண்டாம் என்றிருப்பாள். ஆனால் அன்றைக்கு, பதினோராம் மாடியில், உன் காது வேண்டும் என்று கேட்டவர் மேனேஜர் ஒருவர்தான்.

இராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். கேட்டவங்கள்ல ஒரே ஒரு ஆள், பேஸ்னு ஒரே ஒரு வார்த்தை எழுதணும். எழுதினா இருக்கேன். இல்லேன்னா ஷிஃப்டை எடுத்துக்கறேன். பதினோரு வருஷம் வாசிச்சாச்சு. கேக்காத சத்தத்தை வாசிச்சு என்ன ஆகப்போகுது?”

“தம்பிகிட்ட சொல்லேன்.”

“சொன்னா அவனே எழுதுவான். நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது.”

இருபத்திரண்டு செகண்ட் விஷயத்தை மட்டும் அவரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான். அவர் வாசிப்பார், அவள் “பேஸ்?” என்பாள், அவர் “இல்லை” என்பார். பாராட்டு என்னவோ விதவிதமாக வந்துகொண்டிருந்தது. ‘சத்தத்தைக் குறைக்கச் சொல்ல மகள் அறைக்குப் போனேன். ஆறாவது பாட்டு முடியும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வந்தது மறந்துவிட்டது’ என்று ஒரு தகப்பன். ‘இது அழுவதற்கான இசை இல்லை என்று தெரியும். ஆனாலும் எட்டாவது பாட்டில் அழுதேன். தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று ஊருக்கே கேட்கிற இடத்தில் எழுதியிருந்தார் இன்னொருவர். ‘அட்டைப் படம் பிரமாதம், யார் அந்த ஓவியர்?’ என்று ஒருத்தி கேட்டிருந்தாள். துருப்பிடித்த தகரம் ஒன்றை ஜெராக்ஸ் மெஷினில் வைத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த நகல்தான் அந்த அட்டை. அன்று முழுக்க மனுஷர் கடையில் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை வந்த ஒன்றில், ‘பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விட்டிருக்கிற இடைவெளிகூட அளவாக இருக்கிறது’ என்றிருந்தது.

“பாத்தீங்களா?” என்றாள் லிஃப்ட் அக்கா. “சத்தமே இல்லாத இடத்தைக்கூடப் பாராட்டிட்டாங்க. அட்டைக்குப் பாராட்டு, அட்டை போட்டவருக்குப் பாராட்டு. நான்தான் இதுல யாரோ.”

“கொஞ்சம் பொறு. இன்னும் ரெண்டு நாள் இருக்கு.”

“‘பேஸ்தான் அஸ்திவாரம் அக்கா’ன்னு பல்லு அடிக்கடி சொல்வார். ஆமா, அஸ்திவாரத்தை யாரு வந்து போட்டோ எடுக்கப்போறாங்க?”

வியாழக்கிழமை காலையில் வீட்டுக்காரரின் குரலில் ஒரு புதுத் தெம்பு.

“வந்துடுச்சு! கேளு. எழுதினவர் பேரு உண்மைவிரும்பி. ‘மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம். தங்கள் ஆல்பத்தைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றேன். குறிப்பாக ஐந்தாவது பாட்டில், பாட்டு மெதுவாகும் இடத்தில், பேஸ் கிட்டாரின் இசை என் உள்ளத்தை உருக்கியது என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள...’”

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

“ஜெராக்ஸ் கடைக்கு வர்றவங்களுக்கு நீங்க விண்ணப்பம் எழுதிக் கொடுப்பீங்கல்ல?”

“ஆமா.”

“அதுலயும் பணிவன்புடன்னுதானே எழுதுவீங்க?”

அவர் போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க.”

“எழுதினதுதான் எழுதினீங்க, வேற பாட்டைச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒன்பதுல எட்டுல நான் முழுசா இருக்கேனே!”

“நீ வெள்ளிக்கிழமையிலேருந்து அந்த அஞ்சாவது பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுட்டு இருந்தே. அதுவும் அந்த முணுமுணுப்பு இடத்தை. உனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்போலன்னு நினைச்சேன்.” அவர் குரல் இறங்கியது. “தப்பா?”

அவளுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கிறபோது கண்ணோரம் கசிந்தது. அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த இடத்தில் பேஸே இல்லை, யாருக்கும் தெரியவில்லை, தெரியாததால்தான் இந்தப் பரீட்சை என்று.

வீட்டுக்காரர் போனைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “உன் சத்தத்தை வெச்சது யாரு?” என்றார்.

அதில்தான் இருக்கிறது சங்கதி. இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் ஆல்பத்தில் ஆளாளுக்குத் தன் வாத்தியத்தின் சத்தத்தை ஏற்றிவைத்து, நாலு பேர் போகிற லிஃப்டில் பதினாறு பேர் ஏறினது போல ஆகிவிட்டது. அதிலிருந்து ஒரு சட்டம் போட்டார்கள். யாரும் தன் சத்தத்தைத் தானே வைக்கக் கூடாது. பல்லுவின் காலி கையுறைப் பெட்டிக்குள் நாலு சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். யார் சீட்டு வருகிறதோ அவர் சத்தத்தைத்தான் எடுத்தவர் வைக்க வேண்டும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கம்ப்யூட்டர் திரையில் ஒரு தள்ளுகட்டை. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். எங்கே ஏற்றினோம், எங்கே இறக்கினோம் என்பதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளும். முக்கியமாக, தள்ளுகட்டையில் ஒருவர் கை வைத்திருக்கும்போது அந்த வாத்தியத்துக்குச் சொந்தக்காரர் அறைக்குள் இருக்கக் கூடாது.

“குயில்தான்,” என்றாள்.

“ஓ.”

“என்ன ஓ?”

“இல்ல... நாத்தனார் சத்தம். கை ஒரு பக்கமா இழுத்திருக்கலாம்.”

“சீ! அவ அப்படிப்பட்டவ இல்லை.” சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க எந்த மெஷின் அறையில் நின்றாலும் அந்த ‘ஓ’ காதோரம் ஒரு பேரிங் தேய்கிற மாதிரி முனகிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தம்பி போனில் அலறினான்.

“அக்கா! உடனே பல்லு கிளினிக்குக்கு வா! ஒரு ஸ்டார் போச்சு!”

“எங்கடா போச்சு?”

“யாரோ ஒருத்தன் நாலு ஸ்டார் போட்டிருக்கான்! இதுவரைக்கும் எழுதினவங்க எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு. இப்ப இவன் வந்து... நேர்ல வா!”

கிளினிக் மத்தியான இடைவேளைக்கு மூடியிருந்தது. நாலு மணிக்குத்தான் திறக்கும். உள்ளே தம்பி நோயாளி நாற்காலியில் சாய்ந்து, பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவன் மாதிரி கைப்பிடிகளை இறுகப் பிடித்திருந்தான். குயில் ஜன்னலோரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல்லு வெள்ளைக் கோட்டோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

“வாங்க அண்ணி,” என்றாள் குயில். குரல் கம்மியிருந்தது.

“முதல்ல படி,” என்றாள் லிஃப்ட் அக்கா.

“ஸ்பீக்கர் கெட்டுப்போனவன்லாம் கருத்து எழுத வந்துட்டாங்க!” என்றான் தம்பி. “பதில் எழுதி வெச்சிருக்கேன். ஐயா, உங்க காதைப் போய் முதல்ல...”

“டேய், படிடா.”

தம்பி படித்தான்.

“‘ஆல்பம் அபாரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதைப் பார்த்து என்னைத் திட்டுவீர்கள். என்னுடையது பழைய ஸ்பீக்கர், பெரிய பெட்டி. அதன் தலையில் டீ டம்ளரை வைத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்பேன். நல்ல பேஸ் என்றால் டீயில் வட்டம் வட்டமாக வரும். உங்கள் ஆல்பத்தில் முதல் பாட்டிலிருந்து வட்டம் நிற்கவே இல்லை. பேஸ் வாசிப்பவர் யாரோ எனக்குத் தெரியாது. கிட்டார் எங்கே ஓடினாலும், பாடகி யாரை மிரட்டினாலும், இவர் மட்டும் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். அந்தத் தைரியத்தில்தான் மற்றவர்கள் அவ்வளவு தூரம் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள்.

“‘ஐந்தாவது பாட்டில் மூன்றாவது நிமிஷம். திடீரென்று டீ அசையாமல் நின்றது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று பெட்டியைக் கழற்றினேன். பன்னிரண்டு ஸ்க்ரூ. இரண்டு நாள் பார்த்தேன். ஒயர் சரி, காகிதக் கூம்பு சரி. எதிர்வீட்டு ஸ்பீக்கரில் போட்டேன், அங்கேயும் இல்லை. அப்போதுதான் புரிந்தது, பழுது ஸ்பீக்கரில் இல்லை, பாட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு செகண்ட் அந்த மனிதரை எங்கே அனுப்பினீர்கள்? ஒரு ஸ்டார் குறைக்கிறேன். அவர் திரும்பி வந்ததும் கொடுத்துவிடுகிறேன்.’ பேரு மூணாம்மாடி.”

தம்பி போனை மடியில் போட்டான். “பைத்தியம். பேஸ் இல்லையாம்! அந்த இடத்துலதான் அக்கா அப்படி இறங்குவா!”

லிஃப்ட் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். “திரும்பப் படி,” என்றாள்.

“எதுக்குக்கா? ஸ்டாரைக் குறைச்சவனை...”

“அந்தச் சாவி இடம். அதை மட்டும் படி.”

படித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அறுபது எழுபது பேர் புகழ்ந்தது ஒரு பக்கம், இந்த ஒரு குறை ஒரு பக்கம். இரண்டு நாள் ஒரு மனிதர் திருப்புளியும் கையுமாக அவளைத் தேடியிருக்கிறார்.

“அக்கா, அழறியா? ஒரு ஸ்டார்தானே!”

“அவர் சொல்றது சரிடா. அந்த இடத்துல நான் இல்லை.”

“சும்மா இரு. இருக்கே! எனக்குக் கேக்குதே!”

“எனக்கும் கேக்குதுக்கா,” என்றார் பல்லு.

“அப்படியா? கொஞ்சம் தண்ணி கொடுங்க.”

நோயாளிகள் வாய் கொப்பளிக்கிற சின்ன டம்ளரில் பல்லு தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். கிளினிக்கில் பயந்தவர்களுக்காக மெல்லிசை போடுகிற ஸ்பீக்கர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதன் தலையில் டம்ளரை வைத்து, ‘கிணற்றின் அடி’யை ஓடவிட்டாள். நாலு பேரும் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்கள். வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டே இருந்தது தண்ணீர். மூன்றாவது நிமிஷம். கிட்டார் அடங்கியது. குயில் முணுமுணுத்தாள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

நின்ற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தம்பியின் வாய் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. “டும்... டும்... டூ...ம்...” ஒரு படி விடாமல் அவளுடைய இறக்கம். பல்லுவின் செருப்பு அதே இடத்தில் தரையைத் தட்டியது. இல்லாத பேஸுக்கு இரண்டு பேரும் சுத்தமாகத் தாளம் போட்டார்கள். இருபத்திரண்டாவது செகண்டில் நிஜ பேஸ் திரும்ப வந்தபோது, தம்பியின் முனகலும் அதுவும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டன. தண்ணீர் மறுபடி நடுங்கியது.

தம்பி தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். “நான்தான் பாடினேனா?”

“ஆமாடா.”

“ஒவ்வொரு தடவையும் நானேதான் பாடிக் கேட்டிருக்கேனா?”

“நாலு ஞாயிற்றுக்கிழமை அதையேதானே அக்கா வாசிச்சாங்க,” என்றார் பல்லு. “என் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. ஸ்பீக்கர்ல வருதா மண்டையில வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

ஒரு வாரமாகக் குத்திக்கொண்டிருந்த முள் இவ்வளவு சுலபமாக, அதுவும் பல் டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில், கழன்று விழும் என்று அவள் நினைக்கவில்லை. அவர்கள் அவளைக் கேட்காமல் விட்டதில்லை. கேட்டுக் கேட்டே விட்டிருக்கிறார்கள்.

ஜன்னலோரத்தில் குயில் விசும்பினாள்.

“அண்ணி, நான்தான். நான்தான் பண்ணினேன்.”

“என்ன பண்ணினே?”

“நீங்கதானே சொன்னீங்க, அந்த முணுமுணுப்பு இடத்துல நான் மூச்சு வாங்குறது மைக்ல கேக்குது, பாத்துக்கோன்னு. அதுக்காக உங்க கட்டையைக் கீழே இழுத்துட்டு என் மூச்சு கேக்குதான்னு பாத்தேன். அப்புறம் ஏத்தலாம்னு இருந்தேன். மூச்சு கேக்கலைங்கற சந்தோஷத்துல மறந்தே போச்சு. சத்தியமா வேணும்னு செய்யலை.”

“ஏன்டி, உன் மூச்சைப் பாக்கறதுக்கு என் மூச்சை நிறுத்திட்டியா?”

குயில் அழுகையும் சிரிப்புமாக வந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்தாள். “நாத்தனார் மேல கோபத்தைக் காட்டிட்டேன்னு நினைச்சிருப்பீங்க.”

“சீச்சீ,” என்றாள் லிஃப்ட் அக்கா. நினைத்தது வீட்டுக்காரர்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். “உலகத்தையே மிரட்டுறவ இப்படியா அழுவே? துடை மூக்கை.”

தம்பி நாற்காலியிலிருந்து துள்ளி இறங்கினான். “லேப்டாப் கையிலதான் இருக்கு. எல்லாம் இதுலயே இருக்கு. இப்பவே ஏத்திடலாம். அக்கா, நீயே வந்து கட்டையை...”

“அது எப்படிடா? சட்டம்னா சட்டம். அவ சீட்டு, அவதான் வைக்கணும். நான் வெளியில போறேன்.”

“அண்ணி, எவ்வளவு ஏத்தட்டும்?”

“கேக்கக் கூடாது. உன் காது என்ன சொல்லுதோ அவ்வளவு.”

வெளியே காத்திருக்கும் அறையில் ஒரு நீளப் பலகை. அதன் ஒரு முனையில், நாலு மணிக்கு வரவேண்டியவர் மூன்றரைக்கே வந்து, வீங்கின கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் அக்கா மறுமுனையில் உட்கார்ந்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

“சார், ஞாயிற்றுக்கிழமை என்னால முடியாது.”

“ஏம்மா? இவ்வளவு நல்ல வாய்ப்பு.”

“நல்ல வாய்ப்புதான் சார். ஆனா ஞாயிற்றுக்கிழமை நான் வேற ஒரு இடத்துல வாசல்ல நிக்கணும்.”

“வாட்ச்மேன் வேலையா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் சார்.”

மேனேஜர் பெருமூச்சு விட்டார். “சரி. திங்கட்கிழமையாவது அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்துக்கு நீங்களே போங்க. வேற யாருக்கும் அந்த மோட்டார் பிடிபடலை.”

பிறகு அவள் ‘துருப்பிடித்த வானம்’ பக்கத்தைத் திறந்து, மூணாம்மாடி எழுதியதற்குக் கீழே ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினாள். ‘ஐயா, உங்கள் ஸ்பீக்கரில் ஒரு பழுதும் இல்லை. பன்னிரண்டு ஸ்க்ரூவையும் போட்டு மூடிவிடலாம். அன்றைக்கு நானும் என் ஹெட்போனைக் கழற்றித்தான் பார்த்தேன். பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இன்று சாயங்காலம் டீயோடு உட்காருங்கள். இப்படிக்கு, பேஸ் வாசிப்பவள்.’

அனுப்பிவிட்டுப் போனை மடியில் வைத்தாள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கியது. குயிலின் முணுமுணுப்பு கதவைத் தாண்டி வரவில்லை. கிட்டாரும் வரவில்லை. முதலில் சுவரில் ஒரு முனகல். அப்புறம் அது தரைக்கு இறங்கி, பலகையின் கால் வழியாக ஏறி, உட்கார்ந்திருந்த இடத்தில் மெல்ல அதிர்ந்தது. ஒரு படி. இன்னொரு படி. அவள் உள்ளங்கையைப் பலகையில் பதித்துக்கொண்டாள். குயிலின் கை இந்தத் தடவை கஞ்சத்தனம் பண்ணவில்லை.

வீங்கின கன்னக்காரர் பலகையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மெல்ல அவள் பக்கம் நகர்ந்தார்.

“உள்ள ஏதோ பெரிய மெஷின் ஓடுது போலிருக்கே,” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. “அதை வெச்சுத்தான் பல்லை எடுப்பாங்களா?”

“மெஷின் இல்லைங்க,” என்றாள் லிஃப்ட் அக்கா. “அது நான். பயப்படாதீங்க, வலிக்காது.”